கில்லர்டன் மாளிகையில் பழைய உடுப்புகளைப் பார்ப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தையல் மெஷின் ஓடும் வீட்டில் வளர்ந்தவர்கள் ஒரு ரவிக்கையைக் கையில் எடுத்தால் முதலில் அதைப் புரட்டித்தான் பார்ப்பார்கள். வெளிப்பக்கம் கண்ணுக்கு. தைத்தவரின் கை தெரிவது உள்பக்கத்தில். ஓரம் எவ்வளவு விட்டிருக்கிறது, காஜா கையால் எடுத்ததா, கொக்கி இழுத்தால் தாங்குமா என்று விரல் தானாகத் தேடும். என் அம்மா அப்படித்தான். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

அருங்காட்சியகத்தில் உடுப்பைப் புரட்ட முடியாது, தொடவும் கூடாது. ஆனால் எங்கே நிற்பது, எதைத் தேடுவது என்று தெரிந்தால் தொடாமலே பாதி புரட்டிவிடலாம். இங்கிலாந்தில் அதற்கு நான் பரிந்துரைக்கும் முதல் இடம் கில்லர்டன்.

இது என்ன இடம்

தென்மேற்கு இங்கிலாந்தின் டெவனில், எக்ஸிடர் நகரத்துக்கு வடகிழக்கே ஆறேழு மைல் தொலைவில் பிராட்கிளிஸ்ட் என்ற கிராமம் இருக்கிறது. அதையொட்டியதுதான் கில்லர்டன் மாளிகை. ஆக்லண்ட் குடும்பத்தின் வீடு. இப்போது நிற்கும் கட்டடம் 1778–79இல் ஜான் ஜான்சன் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. மேட்டின் மேல் பெரிய மாளிகை எழும்பும் வரை குடும்பம் இதில் தற்காலிகமாக இருக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு. பெரிய மாளிகை எழும்பவே இல்லை. அதனால் சுற்றுலா விளம்பரங்களில் வரும் அரண்மனை போன்ற பிரமாண்டத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். இது ஆட்கள் வாழ்ந்த வீடு. உடுப்புகளைப் பார்க்க அதுவே பொருத்தமும்கூட.

1944இல் சர் ரிச்சர்ட் ஆக்லண்ட் இந்த எஸ்டேட்டை, பழைய மாளிகைகளையும் நிலங்களையும் பாதுகாக்கும் தொண்டு அமைப்பான நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார். நாடாளுமன்ற உறுப்பினர். 1942இல் காமன் வெல்த் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். நிலம் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும் என்று பேசிய அவர், தன் பரம்பரை நிலத்தையும் விட்டுக்கொடுத்தார். கில்லர்டன் எஸ்டேட் மட்டுமே சுமார் 6,400 ஏக்கர்.

உடுப்புகளின் கதை வேறு. பாலீஸ் டி புஷ் என்ற பெண்மணி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய உடைகளைச் சேர்க்கத் தொடங்கினார். அவர் சேர்த்தவை 1978இல் கில்லர்டனுக்கு வந்தன. பிறகு பலரும் தங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்ததைக் கொண்டுவந்து கொடுக்க, இன்று 20,000க்கும் மேற்பட்ட பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. ஒரு நேரத்தில் காட்சிக்கு வருவது அதில் ஒரு பிடிதான்.

தேதியை முடிவு செய்வது

ஆடைக் கண்காட்சி வீட்டின் மாடியில் நடக்கும். ஆண்டுக்கு ஒரு தலைப்பு. அந்தத் தலைப்புக்கு ஏற்ப உடுப்புகள் மாறும். மாற்றும் வேலை நடக்கும் நாட்களில் மாடி மூடியிருக்கும், தோட்டம் மட்டும் திறந்திருக்கும். ஆகவே விமான டிக்கெட் போடும் முன்பே நேஷனல் டிரஸ்ட் தளத்தில் கில்லர்டன் பக்கத்தைத் திறந்து, “வீடு”, “கண்காட்சி” இரண்டின் தேதிகளையும் தனித்தனியாகப் பாருங்கள். வளாகம் திறந்திருப்பதாகப் போட்டிருந்தால் கண்காட்சியும் திறந்திருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். வேறொரு மாளிகைக்கு நான் அப்படி நம்பிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். நான்கு மணி நேரப் பயணம் அது.

என்னைக் கேட்டால் மே மாதம், வாரநாள், பள்ளி விடுமுறை இல்லாத வாரம். ரோடோடெண்ட்ரான் பூத்திருக்கும், மேட்டுக் காட்டில் நீலமணிப் பூக்கள் விரித்த பாய் போலக் கிடக்கும், மாடியில் நெரிசலும் இராது.

நுழைவுச் சீட்டு விஷயத்தில் ஒரு கணக்கு. இந்தப் பயணத்தில் மூன்று நான்கு நேஷனல் டிரஸ்ட் இடங்களுக்குப் போவதாக இருந்தால், தனித்தனிச் சீட்டைவிட ஆண்டு உறுப்பினர் கட்டணம் மலிவாக வரக்கூடும். கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கிளம்பும் முன் வீட்டில் செய்ய வேண்டியது

இதை யாரும் செய்வதில்லை, ஆனால் பயணத்தையே மாற்றும் வேலை இது. நேஷனல் டிரஸ்ட் தன் சேகரிப்புகளைப் படங்களோடு தனித் தளத்தில் போட்டிருக்கிறது. அதில் கில்லர்டன் என்று தேடி, 18ஆம் நூற்றாண்டு கவுன் இரண்டு, 19ஆம் நூற்றாண்டு கவுன் இரண்டு, 1920களின் உடுப்பு ஒன்று என ஓர் ஐந்தாறு படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பொருளின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அவை காட்சியில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தக் காலத்து இடுப்பு எங்கே இருந்தது, தோள் எப்படி விழுந்தது என்று கண்ணுக்குப் பழகிவிடும். பழகாத கண்ணுக்கு மாடியில் எல்லாமே “பெரிய கவுன்”தான்.

பையில் வைக்க: சின்ன நோட்டு, பென்சில், படிக்கிற கண்ணாடி. குறிப்பு எடுக்கப் பேனாவைவிடப் பென்சில் நல்லது, பழம்பொருள் உள்ள இடங்களில் மையைக் கண்டால் கவலைப்படுவார்கள். கூர் ஹீல்ஸ் போடாதீர்கள், பழைய மரத்தளத்தில் குழி விழும் என்று இப்படிப்பட்ட வீடுகளில் அனுமதிப்பதில்லை. முதுகுப் பையை முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள், அல்லது வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

போகும் வழி

லண்டன் பேடிங்டனிலிருந்து எக்ஸிடர் செயின்ட் டேவிட்ஸுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து டாக்ஸி சுலபம். பஸ் என்றால் எக்ஸிடர் பஸ் நிலையத்தில் கலம்ப்டன் பக்கம் போகும் வண்டி. மாளிகை வாசலுக்குப் போகாது, பிரதான சாலைத் திருப்பத்தில் இறங்கிக் கால் மணி நேரத்துக்குமேல் நடக்க வேண்டும். கார் ஓட்டுபவர்களுக்கு எம்5 நெடுஞ்சாலை பக்கத்திலேயே. திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் நேராக மாடிக்கு

எல்லோரும் செய்வது: கார் நிறுத்துமிடம், லாயத்து முற்றத்தில் காபி, தோட்டம், கீழ்த்தளம், கடைசியில் களைத்துப் போய் மாடி. நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். வீடு திறந்ததும் கீழ்த்தள அறைகளைக் கடந்து மாடிக்குப் போய்விடுங்கள். முதல் ஒரு மணி நேரம் அறை உங்களுக்கே கிடைக்கும். படியேற முடியாதவர்கள் உடன் வந்தால், வரவேற்பிலேயே சொல்லி என்ன ஏற்பாடு இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

மாடி இருட்டாக இருக்கும். விளக்கு பழுதில்லை. துணிக்குப் பொதுவாக 50 லக்ஸ் வெளிச்சம்தான் அனுமதி. நம் அலுவலகங்களில் 300 முதல் 500 லக்ஸ் வரை எரிகிறது. ஒளி சாயத்தையும் தின்னும், நாரையும் தின்னும், போனது திரும்பாது. சில மாதம் காட்சியில் நின்ற உடுப்பு பிறகு பல ஆண்டுகள் இருட்டுப் பெட்டியில் ஓய்வெடுப்பதும் இதனால்தான்.

அறைக்குள் நுழைந்ததும் எதையும் பார்க்காமல் இரண்டு மூன்று நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் பழகியதும், வெறும் பழுப்பாகத் தெரிந்த பட்டில் பூக்கொடி எழும். போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே போட்டோ, ஃப்ளாஷ் இல்லாமல், கடைசிச் சுற்றில்.

ஓர் உடுப்பை எப்படிப் படிப்பது

எல்லா உடுப்பையும் பார்க்க வேண்டாம். ஒரு சுற்று நடந்து, உங்களை நிறுத்தியவற்றில் நான்கைந்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம்.

முதலில் தூரத்தில் நின்று உருவம். இடுப்பு எங்கே இருக்கிறது? மார்புக்குக் கீழேயே ஏறி நின்றால் ஏறக்குறைய 1795 முதல் 1820 வரை. பாவாடை நான்கு பக்கமும் மணி போல விரிந்தால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. 1856இல் எஃகு வளையக் கூண்டு வந்தது; அதுவரை அந்த விரிவுக்காகப் பெண்கள் பாவாடை மேல் பாவாடையாக, குதிரைமுடி நெய்த விறைப்புத் துணியும் சேர்த்துச் சுமந்தார்கள். கூண்டு வந்தபோது பலருக்கு அது விடுதலையாகவே இருந்திருக்கும். விரிவு முழுவதும் பின்பக்கம் திரண்டால் 1870, 80கள்.

18ஆம் நூற்றாண்டுக் கவுன் ஒன்று பின்புறம் தெரியும்படி இருந்தால் விடாதீர்கள். அவற்றில் ஒரு வகையில் கழுத்துக்குக் கீழே அகலமான பெட்டி மடிப்புகள் தொடங்கித் தரை வரை ஒரே வீச்சில் விழும். சேலைக் கொசுவம் வைத்துப் பழகியவர்களுக்கு அந்த மடிப்பில் எத்தனை கெஜம் போயிருக்கும் என்று பார்த்ததும் புரியும். அந்தக் காலத்தில் விலை துணிக்குத்தான், கூலிக்கு அல்ல. அதனால் வெட்டுவதற்குப் பயந்தார்கள், மடித்துத் தைத்தார்கள். பிறகு பிரித்து வேறு மாதிரி தைக்கலாம் அல்லவா!

அந்தப் பிரித்த தடத்தைத் தேடுவதுதான் எனக்கு மிகப் பிடித்த வேலை. பட்டில் ஊசித் துளை எளிதில் மூடாது. பக்கவாட்டில், இடுப்புக்கு மேலே, தையல் இல்லாத இடத்தில் வரிசையாகச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே முன்பு ஒரு தையல் ஓடியிருக்கிறது. அதன் பக்கத்திலேயே விரற்கடை அகலத்தில் நிறம் கொஞ்சம் அழுத்தமாக ஒரு பட்டை இருக்கும். அது மடிப்புக்குள் ஒளிந்திருந்த துணி, வெயில் படாதது. பாட்டியின் 1760களின் கவுனை 1840களில் பேத்திக்காகப் பிரித்துத் தைப்பது சாதாரண வழக்கம். அட்டையில் இரண்டு காலம் போட்டிருந்தால் இதைத் தேடுங்கள். நம் வீட்டில் வளரும் பிள்ளைக்கு உள்ளே பிடித்த டக்கைத் தீபாவளிக்குத் தீபாவளி பிரித்துவிட்டது நினைவுக்கு வரும்.

அடுத்து தையல். சிங்கர் மெஷினுக்குக் காப்புரிமை 1851இல். அதற்கு முந்திய உடுப்பு ஏறக்குறைய எல்லாமே, பந்தல் போல விரிந்த பாவாடை உட்பட, கையால் தைத்தது. பாவாடைச் சேர்ப்பில் நீண்ட எளிய ஓட்டுத் தையல், தோள்பட்டையில் நெருக்கமான பின்தையல் என்று ஒரே உடுப்பில் இரண்டு வேகம் தெரியும். இழுபடும் இடம் எது என்று தைத்தவளுக்குத் தெரியும்.

பொத்தானைத் தேடி ஏமாறாதீர்கள். 18ஆம் நூற்றாண்டுப் பெண்கள் முன்பக்கத்தைப் பல நேரம் குண்டூசியால்தான் மூடினார்கள், தினமும் குத்தி, தினமும் எடுத்து. முன் ஓரத்தில் அந்தத் துளைகள் தெரியலாம். பாவாடைப் பக்கவாட்டில் ஒரு திறப்பு இருந்தால் அது கிழிசல் அல்ல. உள்ளே இடுப்பில் நாடாவால் கட்டிய தனிப் பைக்குக் கை போகும் வழி. நம் ஆத்தாக்களின் சுருக்குப்பை அங்கேயும் இடுப்பில்தான் இருந்தது.

குனிந்து கீழ் ஓரத்தைப் பாருங்கள். தரையில் புரண்ட பாவாடைகளுக்கு ஓரத்தில் கம்பளிப் பட்டை ஒன்று தைப்பார்கள், தேய்வது அது தேயட்டும் என்று. நம் சேலை ஃபால்ஸ் செய்யும் அதே வேலை. அக்குளில் வியர்வைக் கறை, முழங்கையில் தேய்வு, மடியில் ஒரு பக்கம் மட்டும் மங்கல் இருந்தால் அருவருப்பாக நினைக்காதீர்கள். உடுத்தியவர் இருந்ததற்கு வேறு சாட்சி பெரும்பாலும் இல்லை.

அளவைப் பார்த்து, அந்தக் காலத்தில் எல்லோரும் சின்ன உருவம் என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். பெரிய உடுப்பில் துணி அதிகம், அதை வெட்டி இன்னொன்று தைக்கலாம். சின்னதை யாருக்கும் மாற்ற முடியாது. அதனால் பெட்டியில் தப்பிப் பிழைத்தது சின்னது. உள்ளே நிற்கும் பொம்மையையும் கவனியுங்கள். பொம்மைக்கு உடுப்பு மாட்டுவதில்லை. உடுப்பின் அளவுக்குப் பொம்மையைப் பஞ்சு வைத்துக் கட்டி எழுப்புகிறார்கள். ஒன்றுக்கே பல மணி நேரம் போகும்.

சில உடுப்புகள் மல்லாந்து படுத்திருக்கும். 1920களின் பாசிமணி கோத்த கவுன்களைத் தொங்கவிட்டால் மணியின் எடையே மெல்லிய துணியைக் கிழித்துவிடும். 1900ஐ ஒட்டிய பட்டுப் பாவாடைகளில் நேர்நேராகக் கீறல் விழுந்திருந்தால் பூச்சி மேல் பழி போட வேண்டாம். பட்டின் பசையை நீக்கும்போது எடை கால் பங்கு வரை குறையும். அதை ஈடுகட்டத் தகர உப்பில் தோய்த்து எடை ஏற்றி விற்றார்கள். அந்த உப்பு பட்டை உள்ளிருந்தே நொறுக்கியது.

ஒவ்வொரு பகுதியிலும் தன்னார்வலர் ஒருவர் இருப்பார். “இதில் உங்களுக்குப் பிடித்தது எது?” என்று கேளுங்கள், போதும். பலகையில் இல்லாத விஷயம் கிடைக்கும்.

நம் கரையிலிருந்து போன துணி

எந்த ஆண்டின் கண்காட்சியானாலும் மூன்று பொருள்களுக்குக் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.

ஒன்று, சீட்டித் துணி. சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏற்றிக் கையால் எழுதிய பருத்தி, 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவைப் பைத்தியமாக்கியது. பருத்தியில் துவைத்தாலும் போகாத நிறங்களை இப்படி ஏற்றும் வித்தை அவர்களிடம் அப்போது இல்லை. இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழ, அச்சிட்ட இந்தியத் துணியின் இறக்குமதிக்கு 1700இல் தடைச் சட்டம் வந்தது. 1721இல் உடுத்துவதற்கே தடை. 1774 வரை அது நீடித்தது. அந்த இடைக்காலத்துச் சீட்டி கவுன் ஒன்றைக் கண்டால், அது சட்டத்தை மீறி உடுத்தியது என்று எண்ணிப் பாருங்கள். சிவப்பு ஒரே சீராக இல்லாமல் கோட்டோரங்களில் மெல்ல ஏறி இறங்கினால் அது எழுதிய கையின் தடம்.

இரண்டு, 1800ஐ ஒட்டிய வெள்ளை மஸ்லின் கவுன். நல்லவை வங்காளத்திலிருந்து போனவை. வெள்ளை மேல் வெள்ளை நூல் பூவேலை இருந்தால் பக்கவாட்டில் நின்றால்தான் தெரியும்.

மூன்று, சால்வை. காஷ்மீரின் மாங்காய்ப் புட்டாவை ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர்த் தறிகள் நகலெடுக்க, உலகம் அந்த வடிவத்தையே “பெய்ஸ்லி” என்று அழைக்கத் தொடங்கியது. காஞ்சிபுரத்துக் கரையில் இருப்பதும் அதே மாங்காய்தான். அசலா நகலா என்று பார்க்க ஓரம் மடங்கிய இடத்தைத் தேடுங்கள். பின்பக்கத்தில் நூல்கள் வெட்டி விட்டது போலத் துருத்தினால், துளையிட்ட அட்டைகளால் பூவேலையை இயக்கும் ஜக்கார்டு தறி. துண்டு துண்டாக நெய்து, கண்ணுக்குத் தெரியாத தையலால் இணைத்திருந்தால் காஷ்மீர்.

பிறகு கீழ்த்தளம், தோட்டம்

மாடியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கண் மரத்துவிடும். கீழே வந்து நூலகத்தையும் இசை அறையையும் நிதானமாகப் பாருங்கள். இப்போது படங்களில் உள்ளவர்களின் உடுப்புதான் முதலில் கண்ணில் படும். லாயத்து முற்றத்தில் சாப்பிடலாம், பழைய புத்தகக் கடையும் உண்டு. டெவனில் ஸ்கோன் என்ற சின்ன ரொட்டி மீது கிரீம் முதலில், ஜாம் அதன் மேல்.

தோட்டத்தை 1770களிலிருந்து அமைத்தவர் ஜான் வீச். பின்னாளில் உலகெங்கும் செடி சேகரிப்பாளர்களை அனுப்பிய வீச் நாற்றங்கால் குடும்பத்தின் மூத்தவர். மேட்டில் ஏறினால் 1808இல் லிடியா ஆக்லண்டுக்காகக் கட்டிய கூரைக் குடில் இருக்கிறது. பின்னாளில் கனடாவிலிருந்து கொண்டுவந்த கரடி ஒன்றை அதில் வைத்திருந்ததால் கரடிக் குடில் என்றே பெயர். நேரம் இருந்தால் 1841இல் முடிந்த சிற்றாலயம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

இன்னும் வேண்டும் என்பவர்களுக்கு

தையல், நெசவு, ஆடை வடிவமைப்பு படிப்பவர்கள் இருப்பு அறையிலுள்ள குறிப்பிட்ட பொருளைப் பார்க்க முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். பல வாரம் முன்பே எழுதுங்கள். தளத்தில் குறித்து வைத்த பொருள் எண்ணைக் கொடுத்து, ஏன் பார்க்க வேண்டும் என்று இரண்டு வரியில் சொன்னால் பதில் வரும் வாய்ப்பு கூடும்.

இங்கிலாந்தில் இன்னொரு நாள் மிச்சமிருந்தால் டெர்பி நகரத்தருகே கெடில்ஸ்டன் மாளிகை. 1899 முதல் 1905 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த கர்சனின் குடும்ப வீடு. அவர் மனைவி மேரி கர்சன் 1903 தில்லி தர்பாரின் விருந்து நடனத்தில் உடுத்திய மயில் கவுன் இந்த வீட்டுக்குரியது. காட்சியில் இருக்கிறதா என்று மட்டும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். தில்லிப் பட்டறையில் ஜரிகைக் கம்பியால் மயிலிறகு மயிலிறகாக இழைத்த துணியைப் பாரிசுக்கு அனுப்பி, வொர்த் நிறுவனம் கவுனாகத் தைத்தது. எடை சுமார் நாலரை கிலோ. கவுனுக்குப் பெயர் வொர்த்துடையது. இறகுகளை இழைத்தவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு.

ஒவ்வொரு இறகின் கண்ணிலும் பச்சையாக மின்னுவது கல் அல்ல, பொன்வண்டின் இறக்கை ஓடு. தீப்பெட்டியில் இலை போட்டுப் பொன்வண்டு வளர்த்தவர்களுக்கு அந்தப் பச்சை உடனே தெரிந்துவிடும். ஜரிகை காற்றுப் பட்டுக் கறுத்துவிட்டது. வண்டின் பச்சை சாயத்தால் வருவதல்ல, ஓட்டின் அமைப்பால் வருவது, ஆகவே நூற்றாண்டு தாண்டியும் மங்கவில்லை. நேர் எதிரே நின்றால் அது பாதிதான் தெரியும். கண்ணாடியின் ஓரத்துக்குப் போய், முழங்கால் மடித்து உட்கார்ந்து, கீழிருந்து மேலே பாருங்கள். ஓட்டைத் துளையிட்டு இறக்கிய தையல் நூல் அங்கிருந்து தெரியும்.